சுண்ணாம்பு ஏன் கொதிக்கிறது? சிலிண்டர் ஏன் சீக்கிரம் தீர்கிறது? - இரண்டுக்கும் ஒரே கணக்குதான்!

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே அந்த வேலை தொடங்கிவிடும். கொல்லைப்புறத்தில் ஒரு பழைய தொட்டி. அதில் பாதி அளவு தண்ணீர். கடையிலிருந்து வாங்கிவந்த சுட்ட சுண்ணாம்புக் கற்களை ஒவ்வொன்றாக அதில் போடுவார் வீட்டுப் பெரியவர். வேடிக்கை பார்க்கச் சுற்றி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து, “தள்ளிப் போங்கடா, கண்ணுல தெறிக்கும்!” என்று ஓர் அதட்டல்.

சில நிமிடங்களில் தொட்டி சீற ஆரம்பிக்கும். கல் பிளந்து மாவாகும். தண்ணீர் ‘தளதள’வெனக் கொதித்து ஆவி கிளம்பும். அடியில் விறகு இல்லை, நெருப்பு இல்லை. பச்சைத் தண்ணீரும் ஜில்லென்று இருந்த கல்லும்தான் சேர்ந்தன. ஆனாலும், அருகில் நிற்க முடியாத அளவுக்கு வெக்கை!

மறுநாள் ஆறியதும் அதில் கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையைத் தோய்த்து அடித்தால் சுவர் பளிச்சென்று ஆகிவிடும். டப்பா பெயின்ட் வந்த பிறகு இந்தக் காட்சி பல வீடுகளில் மறைந்துவிட்டது. ஆனால், அன்று பிள்ளைகள் மனதில் எழுந்த கேள்வி மறையவில்லை. அந்தத் தொட்டிக்குத் தீ வைத்தது யார்?

சுண்ணாம்புக் காளவாய்க்காரர்தான்! அவர் என்றோ வைத்த தீயில் ஒரு பகுதி அந்தக் கல்லுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. தண்ணீர் பட்டதும் வெளியே வந்தது. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, மீதி எங்கே என்று காசு சுத்தமாகக் கணக்குப் போட முடியும். அந்தக் கணக்குக்கு வேதியியலில் ஒரு பெயர் உண்டு: என்தால்பி மாற்றம்.

பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தில் இந்தச் சொல்லைப் பார்த்ததுமே பல பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். உண்மையில் இது வீட்டு வரவு செலவு நோட்டைவிடக் கடினமானதல்ல. தெரிந்துகொண்டால் காஸ் மிச்சமாகும். சில சமயம் உயிரும் மிச்சமாகும்.

பனிக்கட்டிப் பெட்டியில் ஒரு கினிப் பன்றி

வெப்பத்தை எப்படி அளப்பது? அரிசியை ஆழாக்கால் அளக்கலாம். எண்ணெயைக் கரண்டியால் அளக்கலாம். வெப்பத்தை எதில் பிடிப்பது?

பிரான்ஸ் நாட்டின் லவாய்சியரும் லாப்லாஸும் 1780-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டியை அடுக்கினார்கள். பாத்திரத்துக்குள் எது எரிந்தாலும் அந்த வெப்பம் பனியை உருக்கும். உருகி வழிந்த தண்ணீரை எடை போட்டால், வெளிவந்த வெப்பம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கரியை எரித்து அளந்தார்கள். பிறகு ஓர் உயிருள்ள கினிப் பன்றியையே உள்ளே வைத்து, அதன் உடல் வெப்பம் எவ்வளவு பனியை உருக்குகிறது என்றும் பார்த்தார்கள். அது விட்ட மூச்சில் இருந்த கரியமில வாயுவை, கரி எரியும்போது வருவதோடு ஒப்பிட்டார்கள். நாம் மூச்சு விடுவதும் ஒரு வகையில் மெதுவான எரிதல்தான் என்ற உண்மை அப்போது பிடிபட்டது.

இன்னொன்றையும் இருவரும் சொன்னார்கள். ஒரு பொருள் உருவாகும்போது எவ்வளவு வெப்பம் வெளியே வருகிறதோ, அதே அளவு வெப்பத்தைத் திரும்பக் கொடுத்தால்தான் அதைப் பிரிக்க முடியும். கொடுத்த கடன் அப்படியே வசூல். வட்டியும் இல்லை, தள்ளுபடியும் இல்லை.

லவாய்சியரின் முடிவு சோகமானது. வரி வசூலிக்கும் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்த குற்றத்துக்காக, பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794-ல் அவர் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டார். அவர் தொடங்கிவைத்த வெப்பக் கணக்கை முடித்துவைக்க வேறொருவர் வரவேண்டியிருந்தது.

மருத்துவர் கண்ட விதி

அவர் பெயர் ஜெர்மைன் ஹென்றி ஹெஸ். 1802-ல் ஜெனீவாவில் பிறந்தவர். அப்பா ஓர் ஓவியர். ரஷ்யாவில் வேலை கிடைத்ததால், மகனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. ஹெஸ் படித்தது மருத்துவம். ஸ்டாக்ஹோம் சென்று அக்காலத்தின் பெரிய வேதியியல் மேதையான பெர்சீலியஸைச் சந்தித்தார். பிறகு சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரில் மருத்துவராக இருந்தார். மனம் முழுக்க வேதியியலில்தான். கடைசியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்து முழுநேர வேதியியல் அறிஞர் ஆனார்.

அவர் செய்த சோதனைகளில் ஒன்றை எந்தப் பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளலாம். கந்தக அமிலத்தில் தண்ணீர் சேர்ந்தால் கடும் சூடு கிளம்பும். ‘அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே’ என்று ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே சொல்லித்தருவது இதனால்தான். ஹெஸ் அமிலத்தை வெவ்வேறு அளவு தண்ணீரில் நீர்க்கச் செய்து, பிறகு அதை அம்மோனியாக் கரைசலால் நடுநிலையாக்கினார். முதலிலேயே அதிகத் தண்ணீர் சேர்த்தால் முதல் கட்டத்தில் சூடு அதிகம். இரண்டாவது கட்டத்தில் குறைவு. தண்ணீர் குறைவாகச் சேர்த்தால் அப்படியே தலைகீழ். இரண்டு கட்டங்களையும் கூட்டிப் பார்த்தாலோ, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே விடை!

1840-ல் இதை அவர் விதியாக வெளியிட்டார். ஒரு வேதிவினை ஒரே கட்டத்தில் நடந்தாலும் சரி, பத்துக் கட்டங்களில் நடந்தாலும் சரி, மொத்த வெப்பம் மாறாது. தொடக்கமும் முடிவும் மட்டுமே கணக்கு. ‘ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது’ என்ற பேருண்மையை மேயரும் ஜூலும் அதன்பிறகுதான் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே வெப்பக் கணக்கில் அது எட்டிப்பார்த்துவிட்டது. ஹெஸ் 1850-ல், 48 வயதிலேயே மறைந்தார். அவர் விதி இன்றும் உலகம் முழுக்கப் பள்ளிப் பாடம்.

பழநி மலைக்கு எத்தனை வழி?

பழநி மலை ஏறியவர்களுக்கு ஹெஸ் விதி ஏற்கெனவே தெரியும். படிக்கட்டில் ஏறலாம். மெதுவாக நடக்க யானைப்பாதை இருக்கிறது. முடியாதவர்களுக்கு விஞ்ச், அவசரக்காரர்களுக்கு ரோப் கார். கால் வலி வேறு, செலவு வேறு, நேரம் வேறு. ஆனால், அடிவாரத்திலிருந்து சந்நிதி எவ்வளவு உயரம் என்று கேட்டால் நால்வருக்கும் ஒரே பதில்தான்.

வேதிவினையின் வெப்பமும் இந்த உயரம் போலத்தான். வழியைப் பொறுத்தது அல்ல. இரண்டு முனைகளைப் பொறுத்தது. சாதாரணக் காற்றழுத்தத்தில் நடக்கும் ஒரு வினையில் உள்ளே போகும் அல்லது வெளியே வரும் வெப்பத்துக்குத்தான் என்தால்பி மாற்றம் என்று பெயர். வெப்பம் வெளியே வந்தால் அது வெப்ப உமிழ் வினை. பொருளின் பையிலிருந்து போவதால் மைனஸ் குறி. வெப்பத்தை உள்ளே வாங்கினால் வெப்பக் கொள் வினை, பிளஸ் குறி.

மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறோம். வேதியியலில் தனிமங்கள்தான் கடல் மட்டம். ஆக்சிஜன், ஹைட்ரஜன் போன்றவை இயல்பு நிலையில் இருக்கும்போது அவற்றுக்கு மதிப்பு பூஜ்யம். அவற்றிலிருந்து ஒரு சேர்மம் உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்தான் அந்தச் சேர்மத்தின் ‘உருவாதல் என்தால்பி’. இந்த எண்கள் அட்டவணையாகவே கிடைக்கின்றன. முடிவில் கிடைக்கும் பொருள்களின் எண்களைக் கூட்டி, தொடக்கத்தில் இருந்தவற்றின் கூட்டலைக் கழித்தால் விடை. கணக்கு அவ்வளவுதான்.

‘மோல்’ என்ற சொல் மட்டும் பயமுறுத்தலாம். டஜன் என்றால் 12 என்பதுபோல மோல் என்பதும் ஓர் எண்ணிக்கையே. அணுக்கள் மிகச் சிறியவை என்பதால் எண்ணிக்கை மிகப் பெரியது. ஒரு மோல் கார்பன் 12 கிராம். ஒரு மோல் சுட்ட சுண்ணாம்பு 56 கிராம்.

சுவருக்குள் மிச்சமிருக்கும் தீ

இப்போது தொட்டிக்குத் திரும்புவோம். வெள்ளையடிக்கும் சுண்ணாம்புக்கு மூன்று பிறவி உண்டு.

முதல் பிறவி காளவாயில். சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ, இரண்டும் கால்சியம் கார்பனேட்தான். அதைச் சுமார் 900 டிகிரிக்குச் சுட்டால் கரியமில வாயு பிரிந்து போய், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிராம் கல்லுக்கு 56 கிராம் சுண்ணாம்பு. இதற்கு அந்தக் கல் உள்ளே வாங்கிக்கொள்ளும் வெப்பம் சுமார் 178 கிலோ ஜூல்.

இரண்டாவது பிறவி தொட்டியில். அந்த 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு தண்ணீரோடு சேர்ந்து நீற்றிய சுண்ணாம்பு ஆகும்போது சுமார் 65 கிலோ ஜூல் வெளியே வரும். ஒரு கிலோ சுண்ணாம்பு என்றால் 1,160 கிலோ ஜூல். ஏறக்குறைய 4 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகத் தேவையான வெப்பம் இது! தொட்டி சீறியதில் வியப்பென்ன?

மூன்றாவது பிறவி சுவரில். அடித்த சுண்ணாம்பு, காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகவே மாறுகிறது. நாள் ஆக ஆகச் சுண்ணாம்புப் பூச்சு இறுகுவது இதனால்தான். இதில் வெளிவரும் வெப்பம் சுமார் 113 கிலோ ஜூல்.

65-ஐயும் 113-ஐயும் கூட்டுங்கள். 178! காளவாய்க்காரர் அந்தக் கல்லுக்குள் வைத்த தீ மொத்தமும் வசூலாகிவிட்டது. தொட்டியில் வந்த பங்கு அவசரமாக, ஆர்ப்பாட்டமாக வந்தது. சுவரில் வந்த பங்கு நாள் கணக்கில், மாதக் கணக்கில், யார் கைக்கும் சூடு தெரியாமல் வந்தது. கணக்கு நேராகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்பு சூட்டால் மட்டும் சுடுவதில்லை. அதன் காரத்தன்மை கண்ணின் கருவிழியையே அரித்துவிடும். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடிக் கண்ணில் தெறித்துப் பார்வை பாதிக்கப்பட்ட குழந்தைகள் உண்டு. கண்ணில் பட்டால் கசக்கவே கூடாது. உடனே சுத்தமான தண்ணீரை நிறைய விட்டுத் தொடர்ந்து கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சர்க்கரைக்கும் வைரத்துக்கும் அதே நியாயம்

ஒரு கிராம் சர்க்கரையை ஆய்வுக்கூடத்தில் ஆக்சிஜன் நிரம்பிய இரும்புக் கலத்தில் வைத்து எரித்தால், நொடியில் சுமார் 16.5 கிலோ ஜூல் வெளிவரும். உணவுக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 4 கலோரி. அதே சர்க்கரை நம் உடலுக்குள் தீயும் புகையும் இல்லாமல், எத்தனையோ கட்டங்களைத் தாண்டி, கடைசியில் அதே கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் முடிகிறது. தொடக்கம் அதே, முடிவும் அதே. எனவே ஆற்றலும் அதே. காபியில் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை 10 கிராம் என்றால் 40 கலோரி. பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் கலோரிக் கணக்குக்கும் இதுதான் அடிப்படை.

வைரமும் தப்பவில்லை. பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டும் மோதிரத்தில் மின்னும் வைரமும் வெறும் கார்பன்தான். கிராஃபைட்டை வைரமாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? அதை ஒரு பாத்திரத்தில் வைத்து நேரடியாக அளக்க வழியில்லை. ஆனால், இரண்டையும் தனித்தனியே எரித்து அளக்கலாமே! 12 கிராம் கிராஃபைட் எரிந்தால் 393.5 கிலோ ஜூல். 12 கிராம் வைரம், அதாவது 60 காரட், எரிந்தால் 395.4 கிலோ ஜூல். இரண்டும் முடிவது ஒரே கரியமில வாயுவில். எனவே வித்தியாசம் வெறும் 1.9 கிலோ ஜூல்தான். விலையில் இருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், வெப்பக் கணக்கில் ஒரு துளி!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெப்பம் எவ்வளவு என்பதை மட்டுமே இந்தக் கணக்கு சொல்லும். வினை எவ்வளவு வேகமாக நடக்கும், நடக்குமா நடக்காதா என்பதையெல்லாம் சொல்லாது. அதற்கு வேறு கணக்குகள் உண்டு.

அணையாத கரியில் ஒளிந்திருக்கும் எமன்

நேரடியாக அளக்க முடியாததைக் கழித்துக் கண்டுபிடிப்பதுதான் ஹெஸ் விதியின் பெரிய உதவி. அதற்குப் பாடப்புத்தகங்கள் எல்லாம் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. பரீட்சைக்காக மட்டும் படித்துவிட்டு மறந்துவிடக் கூடாத உதாரணம் அது.

கரி நன்றாகக் காற்றோட்டத்தோடு எரிந்தால் கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. காற்று போதாமல் எரிந்தால் பாதி வழியிலேயே நின்று கார்பன் மோனாக்சைடு ஆகிறது. இந்தப் பாதி வழி வெப்பம் எவ்வளவு? அளக்கலாம் என்று கரியை மூடி எரித்தால், இரண்டு வாயுக்களும் கலந்தே வருகின்றன. பாதி வழியிலேயே எல்லாவற்றையும் நிறுத்த முடிவதில்லை.

ஹெஸ் விதி கைகொடுக்கிறது. 12 கிராம் கார்பன் முழுதாக எரிந்தால் 393.5 கிலோ ஜூல். அதிலிருந்து கிடைக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடைத் தனியே எடுத்து எரித்தால் 283 கிலோ ஜூல். கழித்தால் 110.5. பாதி வழி வெப்பம் அதுதான்.

இந்த எண்களை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். கரி பாதி வழியில் நின்றுவிட்டால் தன்னிடம் இருக்கும் வெப்பத்தில் 28 சதவீதத்தைத்தான் தருகிறது. மீதி 72 சதவீதத்தைச் சுமந்துகொண்டு ஒரு வாயு அறைக்குள் உலவுகிறது. அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. கண் எரிவதில்லை, இருமல் வருவதில்லை. கனன்றுகொண்டிருக்கும் கரிப் படுக்கையின் மேல் சில சமயம் நீல நிறத்தில் சிறு தீ நாக்குகள் ஆடுமே, அது காற்றுக் கிடைத்து எரியும் கார்பன் மோனாக்சைடுதான். திறந்த வெளியில் அது எரிந்தோ கலைந்தோ போய்விடுகிறது. மூடிய அறையில்?

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு நடந்துகொண்டிருக்கும், ஆனால், உடலுக்கு ஆக்சிஜன் போகாது. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு தூக்கம். குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, கரி அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கிருந்தாவது வருகிறது. ‘புகையே இல்லை, கங்கு மட்டும்தான் இருக்கிறது’ என்ற நம்பிக்கைதான் அவர்களை ஏமாற்றுகிறது. புகை அடங்கிவிட்டது என்பதால் விஷமும் அடங்கிவிட்டது என்று அர்த்தமல்ல.

எனவே, மலைவாசஸ்தலத்துக்குச் சுற்றுலா போனாலும் சரி, மழைக்கால இரவானாலும் சரி, கரி அடுப்பு, பார்பிக்யூ அடுப்பு எதையும் அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுவரக் கூடாது. காஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டக் கூடாது. காற்றோட்டமான வெளிப்புறத்தில்தான் இருக்க வேண்டும். அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் மயக்கமும் வந்தால் சாப்பாட்டைச் சந்தேகிப்பதற்கு முன் காற்றைச் சந்தேகியுங்கள். எல்லோரும் முதலில் வெளியே வந்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு சிலிண்டரில் எவ்வளவு வெப்பம்?

கரியைப் பார்த்தாயிற்று. சமையலறைக்கு வருவோம். வீட்டு சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்த வாயு. பியூட்டேனை வைத்துக் கணக்குப் போடலாம்.

ஒரு மோல் பியூட்டேன் 58 கிராம். அது எரிந்தால் 4 மோல் கரியமில வாயுவும் 5 மோல் தண்ணீரும் கிடைக்கும். கரியமில வாயுவின் உருவாதல் என்தால்பி மைனஸ் 393.5, நான்குக்கு மைனஸ் 1,574. தண்ணீருக்கு மைனஸ் 285.8, ஐந்துக்கு மைனஸ் 1,429. இரண்டையும் கூட்டினால் மைனஸ் 3,003. பியூட்டேனின் எண் மைனஸ் 126. அதைக் கழித்தால் விடை மைனஸ் 2,877 கிலோ ஜூல்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த 5 மோல் தண்ணீரும் திரவமாகக் கிடைத்தால்தான் இந்த விடை. நம் அடுப்பில் அது நீராவியாகப் பறந்துவிடுகிறது. ஒவ்வொரு மோல் ஆவியும் 44 கிலோ ஜூலைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஐந்துக்கு 220. எனவே, கைக்கு வருவது 2,657 கிலோ ஜூல். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 46 கிலோ ஜூல். புரொப்பேனுக்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

14.2 கிலோ சிலிண்டருக்குப் பெருக்கினால் சுமார் ஆறரை லட்சம் கிலோ ஜூல். மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 180 யூனிட்! ஆனால், இது முழுவதும் பாத்திரத்துக்குள் போவதில்லை. வீட்டு காஸ் அடுப்பின் வெப்பத் திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அப்படிப் பார்த்தால் ஒரு கிராம் காஸிலிருந்து பாத்திரத்துக்குக் கிடைப்பது சுமார் 31 கிலோ ஜூல்.

ஆவியாகப் போகும் காசு

இனி இல்லத்தரசிகளும் இல்லத்தரசர்களும் கவனிக்க வேண்டிய கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 293 கிலோ ஜூல் போதும். அதாவது, சுமார் 9 கிராம் காஸ்.

கொதித்த பிறகு, மூடி போடாமல் தீயைக் குறைக்காமல் விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீர் ஆவியாகிவிட்டது. அதற்கு எவ்வளவு செலவு தெரியுமா? 451 கிலோ ஜூல். சுமார் 14 கிராம் காஸ். ஒரு லிட்டரைக் கொதிக்க வைத்ததைவிட, ஒரு டம்ளரை ஆவியாக்கியதற்கு ஒன்றரை மடங்கு செலவு!

‘தளதள’வெனக் கொதித்தால் சீக்கிரம் வேகும் என்று நினைக்கிறோம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதித்த பிறகு, தீயை எவ்வளவு கூட்டினாலும் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கூட்டிய தீ எல்லாம் ஆவியாகத்தான் போகும். தினமும் அரை லிட்டர் தண்ணீர் இப்படி வீணாக ஆவியானால், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காஸ் காலி. சிலிண்டர் சொன்ன தேதிக்கு முன்பே தீர்ந்துவிடுவதன் ரகசியங்களில் இதுவும் ஒன்று. கொதி வந்ததும் தீயைக் குறைப்பது, மூடி போடுவது, குக்கரில் விசில் வரத் தொடங்கியதும் தணலைத் தாழ்த்துவது, இட்லிப் பானையில் தேவையான தண்ணீர் மட்டும் ஊற்றுவது என நம் பாட்டிகள் செய்த சிக்கனம் அத்தனையும் என்தால்பி கணக்குதான்.

தீயின் நிறத்தையும் பாருங்கள். நீலமாக எரிந்தால் வாயு முழுதாக எரிகிறது. மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், கார்பன் எரியாமலேயே தப்பிக்கிறது. 12 கிராம் கரி என்பது 393.5 கிலோ ஜூல் நஷ்டம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து மீதியும் இருந்திருக்கும். அதோடு, முழுதாக எரியாத இடத்தில் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். எனவே, பர்னரின் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் மஞ்சள் மாறாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சமைக்கும்போது ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு நான்கு வரி

வினையைத் திருப்பி எழுதினால் குறியையும் திருப்புங்கள். பிளஸ் மைனஸாகும், மைனஸ் பிளஸாகும்.

வினையை இரண்டால் பெருக்கினால் வெப்பத்தையும் இரண்டால் பெருக்குங்கள்.

தண்ணீர் திரவமா, ஆவியா என்று கேள்வியில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மோலுக்கு 44 கிலோ ஜூல் அங்கேதான் தொலையும்.

முடிவில் இருப்பதிலிருந்து தொடக்கத்தில் இருந்ததைக் கழியுங்கள். மாற்றிக் கழித்தால் அடுப்பு குளிரும், ஐஸ் சுடும்!

இந்த நான்கில்தான் பெரும்பாலான மதிப்பெண்கள் போகின்றன. கணக்கைப் போடும்போது பழநி மலையை நினைத்துக்கொண்டால் போதும். எந்தப் பாதையில் ஏறினோம் என்பது முக்கியமல்ல; அடிவாரமும் உச்சியும்தான் முக்கியம்.

பழைய வீடு ஏதாவது ஒன்றில் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தால், ஒருமுறை கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருக்கும். காளவாயில் வாங்கிய சூட்டில் ஒரு பங்கைத் தொட்டியில் கொட்டி, மறு பங்கைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் கல்லாகி அமைதியாக நிற்கிறது அது. வாங்கியதில் ஒரு ஜூலைக்கூட அது மறைத்து வைத்துக்கொள்ளவில்லை.